மதுரையில் கேட் இல்லை

அரியலூரில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சாலையைக் கடக்கத் தெரியாது என்று எழுதினால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களை விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது ரயில்வே கேட்டைக் கடப்பது. அது வேறு வித்தை. கேட் மூடியிருக்கும். சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். வேர்க்கடலை வாங்கிக் கொறிக்கலாம். யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரிலிருந்து வரன் வந்திருக்கிறது என்று பக்கத்து சைக்கிள்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். ரயில் வரும், போகும். கேட் கீப்பர் சக்கரத்தைச் சுற்றுவார். நீளக் கம்பம் முனகிக்கொண்டே வானத்தைப் பார்த்து எழும்பும். அதற்கப்புறம் எவனும் யோசிக்க வேண்டியதில்லை. ஊரே கடக்கும், ஊரோடு நானும் கடப்பேன்.

அந்தச் சக்கரத்தைச் சுற்றியவர் என் அப்பா. ஆக, இருபத்தேழு வயதுவரை எனக்கு வழி திறந்துவிட ஓர் ஆள் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். கடைவீதி மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்ததும் யாரோ திறந்துவிட்டதுதான். கல்யாணமும் அப்படியே. நான் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவே என் பங்கு.

என் மனைவிக்குப் பெரம்பலூருக்குப் பக்கத்தில், மெட்ராஸ் ரோட்டை ஒட்டின கிராமம். அந்தப் பக்கம் ரயில் கிடையாது. நான் அவளை மட்டம் தட்ட நினைத்தால் இதைத்தான் எடுப்பேன்.

"எங்க ஊர்ல ரயிலே நின்னுட்டுத்தான் போவும், தெரியுமா?"

"ஒரு நாளைக்கு நாலு ரயிலு. அதுக்கு ஒரு கேட்டு, ஒரு ஆளு. எங்க ரோட்டுல கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நாலு லாரி போவும். கேட்டா போட்டு வச்சிருக்கோம்?"

இதற்குமேல் பேசினால் என் அப்பாவின் உத்தியோகமே தேவையில்லை என்று நிரூபித்துவிடுவாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அவளை நான் முதலில் பார்த்ததே அந்த ரோட்டில்தான். பெண் பார்க்கப் போன அன்று பெரம்பலூரில் பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மாசி மாதத்து வெயில். கண் சொருகிக்கொண்டு வந்தது. திடீரென்று பஸ்ஸின் சத்தம் நின்றுபோனது. பஸ் நிற்கவில்லை, சத்தம் மட்டும் நின்றது. கடகடவென்று உதறிக்கொண்டு வந்த வண்டி பஞ்சு மெத்தைமேல் ஏறியதுபோல மிதந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். ரோட்டின் அகலத்துக்கும் காய்ந்த கொள்ளுச்செடி பரப்பியிருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் காய்கள் படபடவென்று வெடித்தன. பொன்னிறத் தூசி ஜன்னல்வரை எழும்பியது. அந்தத் தூசிக்குள் ஒரு பெண், கையில் கவைக்குச்சியோடு, போகிற பஸ்ஸுக்கும் வருகிற லாரிக்கும் நடுவில் இறங்கி, செடியைப் புரட்டிப் போட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் ஓரத்துக்கு நடந்தாள். லாரி அவள் முந்தானையை ஆட்டிவிட்டுப் போயிற்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கனவு என்றே நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அதே பெண் முகம் கழுவிக்கொண்டு வந்து எனக்குக் காபி கொடுத்தாள். காதோரத்தில் ஒரு கொள்ளுச் சருகு ஒட்டியிருந்தது. "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். நான் அந்தச் சருகையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாமனார் குடும்பம் தலைமுறையாகப் பிறத்தியார் காட்டில் கூலிவேலை பார்த்த குடும்பம். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் அவர் காலத்தில்தான் வந்தது. நிலம் வந்துவிட்டது, களம் வரவில்லை. களம் வைத்திருந்தவர்கள் இவர்களுக்கு விடவும் இல்லை. அதனால் மெட்ராஸ் ரோட்டையே களமாக்கிக்கொண்டார்கள். கல்கத்தா லாரியும் கன்னியாகுமரி பஸ்ஸும் கூலி கேட்காமல், மாடு மிதிப்பதுபோல மிதித்துத் தாம்படித்துக் கொடுத்துவிட்டுப் போயின. அந்தக் கொள்ளில்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள். அந்தக் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் அவள்.

டீச்சர் ட்ரெயினிங் சேர இரண்டு வருடம் மனுப் போட்டும் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை, கல்யாணமாகிப் பத்து மாதத்தில், மதுரையில் ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. காலை பத்து மணி. பத்து மணிக்குள் வராதவர் பெயர் நீக்கப்படும் என்று அடிக்கோடிட்டு அச்சடித்திருந்தது. அந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, அந்தக் கார்டுதான் கடைசி. அவள் அதை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். நாளுக்கு நாலு முறை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைப்பாள்.

கிடைத்தால் இரண்டு வருடம் மதுரையில் விடுதியில் இருக்க வேண்டும். இதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "கிடைச்சா நல்லதுதான்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அந்தத் 'தான்' கொஞ்சம் நீண்டுவிட்டதோ என்னவோ.

முந்தின நாள் சாயங்காலம் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டோம். அங்கிருந்து விடியற்காலை முதல் பஸ். மாமனார் வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பெரியவனக் கூட அனுப்பட்டுங்களா மாப்ள? அவன் லாரியில மாசம் ரெண்டு தடவ மதுரைக்கு லோடு ஏத்திட்டுப் போறவன்."

"எதுக்குங்க மாமா? மதுரையில எனக்குத் தெரியாத சந்து கெடையாதுங்க."

அந்தப் பெரிய மச்சான் கதவோரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். "அங்க டிராபிக் ஒரு மாதிரிங்க மாப்ள. பள்ளிக்கூட லீவு வேற. ஊருபட்ட டூரிஸ்டு பஸ்ஸு வந்து கெடக்கும்."

"நம்மகிட்ட வுடுங்க" என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அதற்கு முன் மதுரைக்குப் போனது ஏழாம் வகுப்புச் சுற்றுலாவில். இறங்கின உடனே காய்ச்சல். மற்ற பையன்கள் ஊர் சுற்ற, நான் ஒன்றரை நாள் சத்திரத்தில் படுத்துக் கிடந்தேன். அந்தச் சத்திரத்து உத்தரத்தில் எத்தனை பல்லி என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஜன்னலுக்கு வெளியே தெரு ஓடியது. ஜட்கா வண்டிக் குளம்புச் சத்தம், நூறு சைக்கிள் மணி, கோயில் யானையின் கழுத்து மணி, பூக்காரியின் குரல், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்து காய்ச்சலோடு கலந்தன. அந்தச் சத்தத்தை வைத்து நானே ஒரு மதுரையைக் கட்டிக்கொண்டேன். அதில் தெருக்கள் வாய்க்கால்போல் ஓடும். ஆட்கள் படகில் நிற்பதுபோல நின்றுகொண்டே போவார்கள். அந்த மதுரையில்தான் எனக்குத் தெரியாத சந்து கிடையாது.

முதல் பஸ்ஸில் ஏறியபோது கோழி கூவவில்லை. திருச்சியில் இறங்கி மதுரை பஸ் பிடித்தோம். பொழுது மெல்ல மெல்ல விடிந்தது. பனைமரங்கள் கறுப்பிலிருந்து பச்சைக்கு வந்தன. அவள் சர்டிபிகேட் வைத்த மஞ்சப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். வாய்ப்பாடு என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், "வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா" என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழியில் ஓர் ஊரில் கோபுரம் ஒன்று தெரிந்தது.

"வந்துட்டோம். அதான் தெக்குக் கோபுரம்" என்றேன்.

அவள் கோபுரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள். பஸ் அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் ஓடியது.

மதுரை வந்தபோது, பஸ்ஸை மதுரை வாங்கிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் வண்டி ஓடுவதை நிறுத்திவிட்டு ஊர ஆரம்பித்தது. முன்னால் கேரளத்து டூரிஸ்ட் பஸ். அதற்கு முன்னால் தலையில் குல்லாய் போட்ட வடநாட்டு யாத்திரைக்காரர்கள் நிரம்பின பஸ். அதற்கு முன்னால் வாழைத்தார் ஏற்றின மாட்டுவண்டி ஒன்று, எல்லோருக்கும் தலைமை தாங்கியது. இரண்டு பக்கமும் சைக்கிள் ரிக்‌ஷா, இடுக்கிலெல்லாம் சைக்கிள். வெள்ளைக்காரர் ஒருவர் ரிக்‌ஷாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மாட்டுவண்டியைப் படம் எடுத்தார். மாட்டுவண்டிக்காரர் அவரை வேடிக்கை பார்த்தார். இருவரும் ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்றதால் கடைசியில் சிரித்துக்கொண்டார்கள்.

"நடுவுல ஒரு லோடு கொள்ளப் பரப்பியிருந்தா இந்நேரம் மூணு மூட்ட உதுந்திருக்கும்" என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. "எத்தன சக்கரம்! எல்லாம் வெறுமனே போவுது."

பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால். கண்டக்டர் கையை நீட்டிக் காட்டினார்: "நேரா இந்த ரவுண்டானாவைக் கடந்து அந்தப் பக்கத் தெருவுல போங்க. அஞ்சு நிமிசம். கடந்துட்டா அஞ்சு நிமிசம்."

'கடந்துட்டா' என்று சேர்த்து அவர் ஏன் இரண்டாம் தரம் சொன்னார் என்பது எதிரே பார்த்ததும் புரிந்தது. ஐந்து தெருக்கள் வந்து முட்டும் இடம். நடுவில் வட்டமாக ஒரு திட்டு. திட்டில் புல்லும், குடைக்குக் கீழே ஒரு போலீஸ்காரரும். அதைச் சுற்றி மதுரை மொத்தமும் போய்க்கொண்டிருந்தது. டவுன் பஸ், லாரி, ஜட்கா, கைவண்டி, ஸ்கூட்டர், சைக்கிள்; எல்லாவற்றிலும் மணி, எல்லாவற்றிலும் ஹாரன். முடிவு என்று ஒன்று இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

நான் ஓரத்தில் போய் நின்று ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் ஊன்றிக்கொண்டேன். பழக்கம்.

"ஏன் நிக்கறீங்க?"

"கொஞ்சம் பொறு. நிக்கும்."

"எது நிக்கும்?"

"வண்டிங்கதான்."

"யாரு வந்து நிறுத்துவா?"

 'எங்கப்பா' என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன்.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு, மூன்று. அவள் என் பக்கத்தில் கால் விரல் நுனியில் எம்பி நின்றாள். "ஏங்க, மணியாவுதுங்க. சொல்றத கேளுங்க. வண்டியப் பாக்காதீங்க, ஓட்டறவன் மூஞ்சியப் பாருங்க. அவன் நம்மளப் பாத்துட்டான்னா எறங்கி நடங்க. ஓடாதீங்க, நிக்காதீங்க. பின்னால மட்டும் கால வைக்காதீங்க. நாம போற போக்க வச்சுத்தான் அவன் கணக்குப் போட்டிருப்பான்." சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள்.

நானும் இறங்கினேன். இரண்டடி வைத்தேன். ஒரு டவுன் பஸ் என்னைப் பார்த்துக் கத்தியது. நான் ஓட்டுகிறவன் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டேன். பின்னால் ஓடிவந்து பழைய இடத்தில் நின்றேன். ஒரு சைக்கிள்காரர் என்னால் சாய்ந்து, எழுந்து, என் குலத்தை விசாரித்துவிட்டுப் போனார். மஞ்சப்பை என் கையில் இருந்தது. 'டிராபிக்ல நீ தொலைச்சுடுவே' என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவளிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன்.

அவள் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டாள். வழியில் நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. கொள்ளுச்செடியைப் புரட்டிவிட்டு ஓரத்துக்கு வருகிற அதே நடை. லாரிகளும் பஸ்களும் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் நூல் பிடித்ததுபோல் போயின. அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை, அதிலிருந்த பையைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் மாடு வந்தது. வெள்ளை நிறம், கொம்பில் பழைய பச்சைப் பெயின்ட். என் பக்கத்தில் வந்து, ஒரு தரம் பெருமூச்சு விட்டு, நேராக ரோட்டில் இறங்கியது. அதிசயம்! வண்டிகள் விலகின. பஸ் நின்றது. ரிக்‌ஷா ஒதுங்கியது. கேட் திறந்துவிட்டது என்று என் உடம்பில் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாட்டின் வாலை ஒட்டி நடந்தேன். பாதி ரோட்டைக் கடந்தோம். திட்டில் ஏறினோம். மாடு அங்கே நின்று புல் தின்ன ஆரம்பித்தது.

அதற்குப் போக வேண்டிய இடம் அவ்வளவுதான்.

போலீஸ்காரர் குடைக்குக் கீழிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாருய்யா நீ? மாட்டு ஆளா?"

"இல்லைங்க சார்."

"பெறகு எதுக்குய்யா மாட்டுக்குப் பின்னாடியே வந்தே?"

"அதுக்கு வழி தெரியும்னு நெனச்சேங்க."

"அதுக்குத் தெரியும். தெனமும் வருது. தின்னுட்டு வெயில் ஏறினதும் போயிரும். நீயும் அது கூடவே போயிரு. என் கைக்குக் குறுக்க மட்டும் வராத."

எதிரே பார்த்தேன். அவள் மறுபடி ரோட்டில் இறங்கி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அந்த நடையை அவ்வளவு நேராக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திட்டில் ஏறினாள். என் கையிலிருந்து பையை வாங்கினாள். முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது.

"நான் போறது ஒங்களுக்குப் புடிக்கலன்னா வூட்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல."

"பின்ன ஏன் காலு வரமாட்டேங்குது?"

"எனக்கு மதுரையே தெரியாது" என்றேன். "அந்தக் காலத்துல வந்தப்போ காய்ச்சல்ல படுத்திருந்தேன்."

"ஒரு கோபுரத்தக் காட்டினீங்களே, அப்பவே தெரியும். அதக் கேக்கல நான்."

அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் வேண்டியிருந்தது. அவளுக்கோ ஏழு நிமிடம்தான் இருந்தது. "இங்கியே இருங்க. நவுராதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஒரு லாரி நடுவில் வந்தது. லாரி போனபோது அவள் இல்லை.

நான் திட்டின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன். மனைவி சொல்லிக் கேட்ட முதல் சொல் அது, நகரவில்லை.

முதலில் பயமாக இருந்தது. அப்புறம் வெட்கம். அப்புறம், எப்படிச் சொல்வது, பஸ் கொள்ளுச்செடிமேல் ஏறியபோது நடந்ததே நடந்தது. சத்தம் நின்றுபோயிற்று. ஹாரனும் மணியும் இருந்தன, ஆனால் தூரத்தில் இருந்தன. வண்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன. கண்ணைப் பாதி மூடினால் எல்லாம் ஒரே நிறமாகி ஓடின. எனக்கு எங்கள் பக்கத்துக் களங்கள் ஞாபகம் வந்தன. கதிரைப் பரப்பி, மாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரே கயிற்றில் பிணைத்து ஓட்டுவார்கள். வெளியில் நடக்கிற மாடு நல்ல இளம் மாடு, அதற்கு நடை அதிகம். உள்ளே வர வர நடை குறையும். நட்டநடுவில் கட்டுவது ஓட மாட்டாத கிழட்டு மாட்டை. அது நின்ற இடத்திலேயே சும்மா திரும்பிக்கொண்டிருக்கும். அன்றைக்கு மதுரையின் களத்தில் நடுமாடு யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பக்கத்தில் படுத்து அசைபோட்ட நிஜ மாடுகூட என்னை அப்படித்தான் பார்த்தது.

ஏழாம் வகுப்புக் காய்ச்சலில் நான் கட்டின மதுரையும் அந்தச் சுற்றில் கலந்து வந்தது. ஜட்காவின் குளம்புச் சத்தம் அதே சத்தம். சைக்கிள் மணிகள் அதே மணிகள். ஒரு டூரிஸ்ட் பஸ் வட்டத்தைச் சுற்றிப் போகையில் ஜன்னல் ஜன்னலாகக் கேமராக்கள் நீண்டன. ஏதோ ஒரு தேசத்தில், ஏதோ ஒரு வீட்டுச் சுவரில், நானும் மாடும் இன்னும் சேர்ந்து உட்கார்ந்திருப்போம். மாடு அழகாக விழுந்திருக்கும்.

அவள் கேட்டதற்கு உண்மையில் என்ன பதில்? பொய் இல்லாமல் தேடிப் பார்த்தேன். பிடிக்காமல் இல்லை. ஆனால் இரண்டு வருடம் என்பது ஒரு நீளமான ரயில். அது போய் முடிகிறவரை ஒரு காலை ஊன்றிக்கொண்டு நான் மட்டும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். வீட்டில் விளக்கேற்றிவிட்டு யாரோடு ரயிலா ரோடா என்று சண்டை போடுவேன்? கால் வராததற்குக் காரணம் பஸ் மட்டும்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. பையை அவள் கையிலிருந்து நான் ஏன் வாங்கினேன் என்பதற்கும் சரியான பதில் இல்லை.  பத்து மணிக்குள் போயிருப்பாளா? போகாவிட்டால் அந்தப் பழி அந்த மாட்டின் மேலா போகும்?

வெயில் ஏறியது. மாடு எழுந்து, என்னை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, ரோட்டில் இறங்கியது. பஸ்கள் நின்றன.

"யோவ், போறியா?" என்றார் போலீஸ்காரர்.

"வீட்டுக்காரி இங்கியே இருக்கச் சொல்லியிருக்காங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என் வீட்டுலயும் அப்படித்தான்" என்றார். தம் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

பன்னிரண்டு மணிவாக்கில் எதிர்ப்பக்கத்தில் அவள் தெரிந்தாள். முழுதாகத் தெரியவில்லை. ஒரு பஸ் போனது, இடைவெளியில், நிற்கிறாள். ஒரு லாரி போனது. இடைவெளியில், பை கையில் இருக்கிறது. இன்னொரு பஸ், இடைவெளியில், முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள். வேர்வையா, கண்ணீரா? அதைப் பார்ப்பதற்குள் வாழைத்தார் வண்டி நடுவில் வந்து நின்றுவிட்டது. காலையில் எங்கள் பஸ்ஸுக்குத் தலைமை தாங்கின அதே வண்டி. அது நகர்கிற நகர்வுக்கு நான் கிழவனாகிவிடுவேன் போலிருந்தது. "என்னாச்சு?" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

அப்புறம் நான் எப்படி எழுந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. திட்டிலிருந்து கால் கீழே இறங்கியிருந்தது. ஒரு டவுன் பஸ் வந்தது. பஸ்ஸைப் பார்க்கவில்லை, ஓட்டுகிறவரைப் பார்த்தேன். மீசைக்காரர், வெற்றிலை போட்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துவிட்டார் என்பது அவர் புருவத்தில் தெரிந்தது. நடந்தேன். பஸ் என் முதுகுக்குப் பின்னால் காற்றடித்துப் போயிற்று. அடுத்து ஒரு ஸ்கூட்டர்காரர், கறுப்புக் கண்ணாடி. அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை. பின்னால் மட்டும் கால் வைக்கவில்லை. ஒரு ரிக்‌ஷாக்காரர், அவர் சிரித்தார். ஒரு ஜட்காக் குதிரை, அதன் முகத்தையும் பார்த்துவைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. கால்களுக்குக் கீழே தார் ரோடு மெத்தைபோல் இருந்தது. வெயிலில் இளகியிருந்தது என்பார்கள். இருக்கலாம்.

அவள் முன்னால் போய் நின்றேன். மூச்சு வாங்கியது.

"கேட்டு தொறந்துடுச்சா?" என்றாள்.

"பத்து மணிக்குள்ள போயிட்டியா?"

"வாசல்ல கால வைக்கறேன், மணியடிக்குது."

"என்ன சொன்னாங்க?"

அவள் பையைப் பிரித்தாள், மூடினாள். "பாயி, தலகாணி, ஒரு டிரங்குப் பொட்டி, கொடை. ஒண்ணாந்தேதி கொண்டாரச் சொன்னாங்க." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எதிரே வருகிற லாரி டிரைவரின் முகத்தைப் பார்க்கிற பார்வை அது. இவன் நம்மைப் பார்த்துவிட்டானா, நடக்கலாமா என்று.

"பொட்டிய நான் தூக்கியாறேன்" என்றேன். "மாசா மாசம் நானும் வரேன். எனக்குத்தான் மதுரை தெரியுமே."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற பூக்காரி திரும்பிப் பார்த்தார்.  கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். தனியாக, மாடு இல்லாமல், அப்பா இல்லாமல், மதுரையைப் பாதி கடந்திருக்கிறேன். யாராவது பார்த்தார்களா என்று திரும்பினேன். போலீஸ்காரர் குடைக்குக் கீழிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். அது எனக்கா, பஸ்ஸுக்கா, தெரியவில்லை. எனக்கு என்றே வைத்துக்கொண்டேன்.

"ஏங்க" என்றாள் அவள் மெதுவாக. "நீங்க எதுக்கு இந்தப் பக்கம் வந்தீங்க?"

"உன்னப் பாக்கத்தான்."

"நான்ல அங்க வந்துக்கிட்டிருந்தேன்? பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்ங்க."

திரும்பிப் பார்த்தேன். ரவுண்டானாவுக்கு அந்தக் கரையில், நாங்கள் காலையில் இறங்கின இடத்தில், திருச்சி பஸ் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் மதுரை சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்காகக் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொள்ளவில்லை. முதலில் வருகிறவரின் முகத்தைத் தேடினேன்.